பாட்டும் பரிகாரமும்

குறிகட்டுவான் இறங்குதுறையிலே காலை வேளையில் நின்றவர்கள் அந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள். நயினை நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோர் அருச்சனைத் தட்டுக்களோடு ஒருபுறம் நிற்பர். நெடுந்தீவுக்குச் செல்வோர் மா மூடைகளும் மரக்கறிப் பெட்டிகளும் சூழ மறுபுறம் நிற்பர். இவ்விரு கூட்டத்துக்கும் இடையே குடையும் கைப்பையும் உணவுப் பொதியுமாகச் சில ஆசிரியைகள் காத்திருப்பர். நாள்தோறும் கடல் கடந்து சென்று படிப்பித்துவிட்டு, மாலையில் அதே கடலைத் திரும்பக் கடப்பவர்கள் அவர்கள். சென்ற மாதம் அவர்களோடு ஒருவனாக நானும் படகேறினேன். எந்தத் தீவுக்கு என்பதை எழுதப்போவதில்லை. தீவின் பெயர் தெரிந்தால் பாடசாலை தெரிந்துவிடும். பாடசாலை தெரிந்தால் பிள்ளை யாரென்பதும் தெரிந்துவிடும். எங்கள் தீவகம் அவ்வளவு சிறியது.

அப்பிள்ளை மூன்றாந் தரத்தில் படிக்கின்றான். எட்டு வயது. வகுப்பறையில் நாள் முழுவதும் அவன் வாயிலிருந்து பத்துச் சொற்கள் வந்தால் அதிகம். பெயரைக் கேட்டால் நிலத்தைப் பார்ப்பான். ஏவியதை அரைவாசி செய்துவிட்டு யன்னலுக்கு வெளியே நோக்குவான். ஆனால், காலைப் பிரார்த்தனையிலே தேவாரம் தொடங்கியதும் அவன் வேறு பிள்ளையாகி விடுகின்றான். கையைக் குவித்து, கண்ணை மூடி, எழுத்துப் பிசகாமல், சுருதி விலகாமல் இறுதியடி வரை பாடுகின்றான். நான் பின்வரிசையில் நின்று இரு காதாலும் கேட்டேன்.

வகுப்பாசிரியை என்னிடம் கேட்ட வினா இது: "ஐயா, இந்தப் பிள்ளைக்குச் சங்கீதத்தாலே ஏதும் செய்யலாமோ?" அருகில் நின்ற தாயும் அதையே தம் மொழியிற் சொன்னார்: "இவன் பாட்டெண்டால்தான் வாய் திறப்பான் ஐயா. கதையெண்டால் ஒண்டுமில்லை."

ஆம் என்று சொல்லிவிட்டு அடுத்த படகில் திரும்பியிருக்கலாம். இசைக்கு மயங்காதார் யார்? தமிழன் எவனும் அவ்விடத்தில் ஆம் என்றே சொல்லுவான். சொல்லாமல் நின்றமைக்குக் காரணம் என் பழைய பிழையொன்று. அதைப் பின்னர் கூறுகிறேன்.

இசையால் நோய் தீரும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. புறநானூற்றின் 281ஆம் பாட்டை மாணாக்கர் எடுத்துப் பார்க்கலாம். அரிசில் கிழார் பாடியது. போரிற் புண்பட்டுக் கிடக்கும் வீரனைப் பெண்கள் காக்கின்றார்கள். வீட்டின் இறப்பிலே இரவத்தின் இலையும் வேம்பின் இலையும் செருகுகின்றார்கள். யாழோடு பல வாத்தியங்கள் ஒலிக்கின்றன. ஐயவி சிதறி, ஆம்பல் ஊதி, மணி ஒலித்து, காஞ்சிப் பண் பாடி, வீடெங்கும் நறும்புகை எழுப்புகின்றார்கள். அகநானூற்றின் 102ஆம் பாட்டிலோ, தினைப்புனத்திற் கொடிச்சி குறிஞ்சிப் பண் பாட, கதிரைத் தின்ன வந்த களிறு அதனை மறந்து நின்றபடியே உறங்கிப் போகின்றது. இவ்விரண்டையும் மேடைதோறும் எடுத்துக்காட்டித் "தமிழன் அன்றே கண்ட இசை மருத்துவம்" என்று முழங்குவோர் உளர். நானும் முழங்கியிருக்கிறேன். ஆயினும் பாட்டை மறுமுறை படித்தபோது ஒன்று தென்பட்டது. அவ்வீரன் பிழைத்தான் என்று அரிசில் கிழார் எங்கும் சொல்லவில்லை. காப்போம் வாருங்கள் என்று தோழியை அழைப்பதோடு பாட்டு நின்றுவிடுகிறது. பழம்புலவரின் அடக்கம் நம் மேடைப் பேச்சாளரிடத்தில் இல்லை.

முத்துசுவாமி தீட்சிதரைப் பற்றியும் ஒரு கதை வழங்குகின்றது. சீடர் தம்பியப்பருக்குத் தீராத வயிற்று வலி. தீட்சிதர் அவருடைய சாதகத்தைப் பார்த்து, குருவின் நிலை சரியில்லை எனக் கண்டு, அடாணா இராகத்தில் வியாழ பகவான்மீது ஒரு கிருதி இயற்றிப் பாடச் செய்தார், வலி தீர்ந்தது, அதன் தொடர்ச்சியாகவே நவக்கிரக கிருதிகள் தோன்றின என்பார்கள். சாதகத்தில் எனக்குள்ள நம்பிக்கை வேறு விஷயம். இக்கதையில் என்னைக் கவர்ந்தது யாதெனில், தீட்சிதர் எடுத்த எடுப்பிலே பாடத் தொடங்கவில்லை. முதலில் சீடருக்கு என்ன குறை என்று பார்த்தார். இக்காலத்தில் நீலாம்பரி தூக்கத்துக்கு, ஆனந்தபைரவி இரத்த அழுத்தத்துக்கு என்று மருந்துக் கடைப் பட்டியல் போல இராகங்களை அடுக்குவோர் அந்த முதற்படியைத் தாண்டிக் குதித்து விடுகின்றனர்.

மேனாடுகளில் இது இன்று ஒரு தனித் தொழில். அமெரிக்காவில் இசைச் சிகிச்சையாளருக்கென ஒரு தேசிய சங்கம் 1950இல் தோன்றியது. இங்கிலாந்தில் ஜூலியட் அல்வின் என்னும் வயலன்செலோ இசைக்கலைஞர் 1958இல் ஒரு சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டில் போல் நோர்டொப் என்னும் இசையமைப்பாளரும் கிளைவ் ரொபின்ஸ் என்னும் ஆசிரியரும் சேர்ந்து, குறைபாடுடைய பிள்ளைகளோடு தம் பணியைத் தொடங்கினர். 1975இல் அமெரிக்கா, குறைபாடுடைய பிள்ளைகள் யாவருக்கும் பொருத்தமான கல்வி அளிக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. அதன் பின்னரே, பாடசாலை ஒன்று இன்ன பிள்ளைக்கு இசைச் சிகிச்சை அளிக்கக் கடமைப்பட்டதா என்னும் வினா அங்கே எழுந்தது. அந்த வினாவுக்கு விடைகாண அவர்கள் வகுத்துக்கொண்ட முறை நாம் கற்கத் தக்கது. பிள்ளைக்குப் பாட்டுப் பிடிக்குமா என்று அவர்கள் கேட்பதில்லை. பிள்ளைகளிற் பெரும்பாலார்க்குப் பாட்டுப் பிடிக்கும், மிட்டாயும் பிடிக்கும். அவர்கள் கேட்பது வேறு: இந்தப் பிள்ளை கற்கவேண்டிய காரியம் இன்னது என்று முன்னரே குறித்திருக்கிறதே, அந்தக் காரியத்தை இசையின்றி எவ்வளவு செய்கின்றான், இசையோடு எவ்வளவு செய்கின்றான்? இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கின்றனர். வேற்றுமை பெரிதாயின் இசைச் சிகிச்சையைப் பரிந்துரைப்பர், இல்லையாயின் இல்லை. அதற்கு முன்னே பிள்ளையின் பதிவேடுகளைப் படித்து, பெற்றோரையும் ஆசிரியரையும் வினாவி, இசையில்லாத சாதாரண வகுப்பிலே அவன் எவ்வாறு இருக்கிறான் என்று அமர்ந்து பார்ப்பர்.

எளிய முறைதான். ஆனால் அன்று எனக்கு அது தெரியாது. பல்லாண்டுகளுக்கு முன், நான் இளைய ஆசிரியனாயிருந்தபோது, என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். பேசமாட்டாள், பாடுவாள். "பாட்டுத்தான் இவளுக்கு மருந்து" என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன். பரிசளிப்பு விழாவில் அவளை மேடையில் ஏற்றினேன். பாடினாள். சபையோர் கண் கலங்கினர். பிரதம விருந்தினர் என் கையைப் பற்றிக் குலுக்கினார். மறுவாரம் முழுவதும் அவள் பாடசாலைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே கதவை மக்கள் கூட்டத்துக்குத் திறந்துவிட்டவன் நான் என்று அறிய எனக்கு நெடுங்காலம் சென்றது. அவள் பேசாமைக்குக் காரணம் யாதென்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பாடுகிறாளே என்னும் மகிழ்ச்சியில் நானும் விசாரிக்கவில்லை.

ஆகவே இம்முறை இரண்டு நாள் தங்கினேன். வகுப்பாசிரியையும் நானும் சேர்ந்து சிறிய சோதனை ஒன்று செய்தோம். ஐந்து ஏவல்கள்: புத்தகத்தை எடு, பக்கத்தை விரி, பென்சிலை எடு, பெயரை எழுது, கொப்பியை மேசையில் வை. முதலில் ஆசிரியை வழக்கம் போலச் சொன்னார். பையன் இரண்டைச் செய்தான். மூன்றாவதில் யன்னலைப் பார்க்கத் தொடங்கினான். பின்னர் அதே ஐந்தையும் அவனுக்குத் தெரிந்த சிறுவர் பாட்டொன்றின் மெட்டில் வைத்துப் பாடினார். ஐந்தையும் செய்தான்! ஆசிரியையின் முகத்தில் தோன்றிய ஒளியை எழுத்தில் வடிக்க இயலாது. வாயிலில் நின்ற அதிபரும், "பிறகென்ன, பாட்டாலேயே படிப்பிக்கலாமே" என்றார்.

மறுநாட் காலையில் ஒரு வேண்டுகோள் விடுத்தேன். "ரீச்சர், பாடவேண்டாம். ஆனால், நேற்றுப் பாடிய அதே காலத்தில், அதே இடைவெளி விட்டு, வெறும் பேச்சாகச் சொல்லுங்கள்." அவர் அவ்வாறே சொன்னார். பையன் நான்கைச் செய்தான். இன்னொரு முறை சொன்னபோது ஐந்தையும் செய்தான்.

இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். அவனுக்கு உதவியது மெட்டன்று. வேகத்தின் குறைவும் சொல்லுக்குச் சொல் கிடைத்த ஓய்வுமே என்றல்லவா இது காட்டுகிறது? முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடத்திட்டம் பின்னால் துரத்த, படகு நேரம் முன்னால் இழுக்க ஓடுகின்ற ஆசிரியையின் பேச்சு அவனுக்குப் புயல் போல வந்து போகின்றது. ஏவல்களை விளங்கிக்கொள்ள அவனுக்குச் சங்கீதம் வேண்டியதில்லை. ஆறுதலாகப் பேசும் ஒருவர் போதும்.

அப்படியானால் இசையாற் பயனில்லையா? அன்று பிற்பகல் வேறொன்று கண்டோம். பந்தொன்றைக் கொடுத்து மற்றொரு சிறுவனோடு மாறி மாறி எறியச் சொன்னால், இவன் பந்தை அணைத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றான். கஞ்சிராவை நடுவில் வைத்து, நான் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தினேன். அவன் இரண்டு தட்டினான். மூன்று தட்டினேன், மூன்று தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பின்னர் அவனே ஐந்து தட்டி, நான் தட்டும்வரை காத்திருந்தான். பேச்சென்பது என்ன? ஒருவர் சொல்ல மற்றவர் காத்திருந்து விடை சொல்வதுதானே? பந்திற் கிட்டாத அந்தக் காத்திருப்பு தாளத்திற் கிட்டியது. அவனுக்கு இசையாற் பயனுண்டெனில் அது இவ்விடத்திலேதான் என்று எனக்குப் பட்டது, தேவாரத்திலன்று. தேவாரத்தில் எல்லாரும் சேர்ந்து பாடுகின்றார்கள். அங்கே எவரும் எவருக்கும் விடை சொல்லவேண்டியதில்லை.

இரண்டு நாட் பார்வையைக் கொண்டு தீர்ப்புக் கூற நான் துணியேன். ஒரே காரியத்தை அடுத்தடுத்துச் செய்யச் சொன்னால் பழக்கத்தாலும் தேர்ச்சி உண்டாகும். அதனாலேதான் ஆசிரியையிடம் ஒரு கொப்பியில் ஆறு வாரம் குறித்து வரும்படி சொன்னேன்: ஒரு நாள் தாளத்தோடு, ஒரு நாள் தாளமின்றி.

மற்றொன்றும் பார்த்தோம். அதுவே யாவற்றிலும் முக்கியம். அவன் கொப்பியில் ஆழ்ந்திருந்தபோது பின்னாலிருந்து மெல்லிய குரலில் மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தேன். ஒரு முறைதான் திரும்பினான். சுருதி சேரப் பாடுகின்ற பிள்ளைக்குச் செவியிற் குறை இருக்குமா என்று கேட்பீர்கள். முற்றாகக் கேளாமை வேறு. நடுச்செவியில் நீர் கட்டி மெல்லொலிகள் மங்கிப்போதல் வேறு. இருநூறு பிள்ளைகள் உரத்துப் பாடும் பாட்டு அவனுக்குக் கேட்கும். நாள்தோறும் கேட்டு மனத்திற் பதிந்துவிடும். மூலையிலிருந்து வரும் ஆசிரியையின் பேச்சு அரைகுறையாக விழும். பேசாத பிள்ளை எவனாயினும் முதலிற் செவியைச் சோதிக்கவேண்டும் என்பது மருத்துவரின் பாலபாடம். பாட்டு நன்றாக வருகிறது என்பதனாலேயே இவன் விஷயத்தில் அந்தச் சோதனை இதுவரை ஒருவர் நினைவுக்கும் வரவில்லை.

வட இலங்கையிலே நடந்த ஆய்வொன்றையும் ஆசிரியர்கள் அறிந்திருக்கவேண்டும். போரால் பாதிக்கப்பட்ட ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுவரையான 399 பிள்ளைகள் அதில் இடம்பெற்றனர். ஒரு பகுதியினருக்கு ஐந்து வாரத்தில் 15 அமர்வுகள்; ஆக்கக் கலைகளும் கூட்டு விளையாட்டும் உளப் பயிற்சிகளும் கலந்த நிகழ்ச்சி. மற்றப் பகுதியினர் காத்திருந்தனர். வீட்சே டோல் என்பவரும் உடனுழைத்தோரும் 2012இல் முடிபுகளை வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தபோது முதன்மையான அளவைகளில் இரு பகுதியார்க்கும் வேற்றுமை தோன்றவில்லை. பிரித்துப் பார்த்தபோது ஆண்பிள்ளைகளுக்கு அச்சமும் பதற்றமும் குறைந்திருந்தன. இளைய பிள்ளைகளிடம் பிறர்க்கு உதவும் பண்பு வளர்ந்திருந்தது. பெண்பிள்ளைகளிலோ, நிகழ்ச்சியிற் சேர்ந்தவர்களின் போர் வடு, சேராது காத்திருந்தவர்களின் வடுவைவிடக் குறைவாகவே ஆறியிருந்தது. இதைப் படித்த அன்றிரவு நான் சரியாக உறங்கவில்லை. மேடையில் நின்ற அந்தப் பெண்பிள்ளை நினைவுக்கு வந்தாள்.

இசையை மட்டும் எடுத்து ஆராய்ந்ததும் உண்டு. ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 364 ஓட்டிசப் பிள்ளைகளை வைத்து நடந்த பேராய்வு 2017இல் வெளியாயிற்று. வழக்கமான பராமரிப்போடு இசைச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கும் அதைப் பெறாதவர்களுக்கும் இடையே, ஐந்து மாத முடிவில், சமூக உறவுக் குறைகளின் கடுமையில் வேற்றுமை காணப்படவில்லை. 2022இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் மதிப்பீடு, பிள்ளையின் பொது நிலையில் முன்னேற்றம் உண்டாகலாம் என்று சற்று நம்பிக்கையோடு எழுதிற்று. இரண்டும் சராசரிக் கணக்கு. சராசரி என்பது தீவகத்தின் கிணறுகளைப் போன்றது. நன்னீர்க் கிணற்றையும் உவர்நீர்க் கிணற்றையும் கலந்து அளந்தால் ஒரு கணக்கு வரும். தாகத்தோடு நிற்பவனுக்கு அந்தக் கணக்கு எதற்கு? அவன் நிற்கும் கிணற்று நீரை அள்ளி வாயில் வைத்துப் பார்க்கவேண்டும்.

எங்கள் தீவுகளிலே இந்த மதிப்பீட்டைச் செய்பவர் நம்மூர் ஒலிகளை அறிந்தவராக இருக்கவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். நயினாதீவுப் பிள்ளையின் காதில் அம்மன் கோவில் நாதசுரமும் தவிலும் இருக்கும். ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கப் பிள்ளைக்குத் தவக்காலப் பசாம் பாட்டுத் தாலாட்டைப் போலப் பழக்கமாயிருக்கும். கரைவலை இழுப்போரின் பிள்ளைக்கு அம்பாப் பாட்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் கைத்தொலைபேசியிற் சினிமாப் பாட்டு. ஒருவனைத் தேற்றும் ஒலி மற்றவனைத் துன்புறுத்தும். தவிலின் முழக்கம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியிற் புகும் பிள்ளைகள் உளர். 1985 மே 15இல் குமுதினிப் படகில் நெடுந்தீவு மக்கள் கொல்லப்பட்டதும், 1990இல் தீவகம் இடம்பெயர்ந்ததும் இன்றைய பிள்ளைகள் பிறக்குமுன் நிகழ்ந்தவை. ஆயினும் திடீர் ஓசைக்கு நடுங்கும் பாட்டியின் மடியில் வளர்ந்த பிள்ளை அந்த நடுக்கத்தையும் கற்றுக்கொள்கிறது. மதிப்பீட்டுத் தாளில் "இந்தப் பிள்ளைக்கு எந்த ஒலி ஆகாது?" என்னும் கேள்விக்கும் ஓர் இடம் வேண்டும். மிக அரிதாகச் சிலருக்கு இசை கேட்பதே வலிப்பைத் தூண்டுவதும் உண்டு.

இதையெல்லாம் யார் செய்வது? தகுதி பெற்ற இசைச் சிகிச்சையாளர் ஒருவர் தீவக வலயத்துக்கு வந்து சேரும் நாளை எதிர்பார்த்திருந்தால் இந்தப் பையன் பேரப்பிள்ளை கண்டுவிடுவான். சங்கீத ஆசிரியர்கள் இருக்கின்றார்கள். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்திற் பயின்றவர்கள், வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளிலே தேறியவர்கள். அவர்களுடைய ஞானம் பெரிது. ஆனால் அவர்கள் கற்றது பாட்டைப் பிள்ளைக்குக் கொடுக்கும் வித்தை. பாட்டின் வழியே பிள்ளையைப் பார்க்கும் வித்தை வேறு. சரளி வரிசையிற் பிசகினால் திருத்துவார் சங்கீத ஆசிரியர். பிசகும்போது பிள்ளை சிரித்தானா, யாரைப் பார்த்துச் சிரித்தான் என்று குறிப்பார் மற்றவர். இந்த இரண்டாம் பார்வையை வகுப்பாசிரியைக்கும் சங்கீத ஆசிரியைக்கும் சில நாட் பயிற்சியிற் புகட்டலாம். வலயக் கல்வி அலுவலகம் மனம் வைத்தால் ஆகாத காரியமன்று. அவர்கள் செய்வதைச் சிகிச்சை என்று அழைக்கவேண்டாம். கவனித்தல் என்று அழைத்தாற் போதும்.

ஓர் ஐயத்தை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன். "இவனுக்கு இசை நல்லது" என்று ஒரு தாளில் எழுதிவிட்டால், கணக்குப் பாட வேளையில் இவனைச் சங்கீத அறைக்கு அனுப்பிவிடும் வழக்கம் மெல்லத் தோன்றும். வகுப்பு அமைதியாகும், எல்லார்க்கும் வசதி. பிள்ளை மட்டும் கணக்கையும் இழப்பான், தோழரையும் இழப்பான். இவ்வாறு இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அதிபரிடம் அதைச் சொன்னேன். அவர் சிறிது மௌனமாயிருந்துவிட்டு, "விளங்குது" என்றார்.

தாயிடம் செவிச் சோதனையைப் பற்றி எடுத்துச் சொல்வதுதான் கடினமாயிற்று. பட்டணத்து வைத்தியசாலைக்குப் போவதென்றால் அதிகாலைப் படகு, பிறகு பேருந்து, பிறகு வரிசை. ஒரு நாட் கூலி போய்விடும். சோழகக் காற்று வீசினால் திரும்பும் படகு வருமோ வராதோ. "பாட்டுக் கேட்குதுதானே ஐயா, பிறகேன் காது பாக்கிறது?" என்று அவர் கேட்டார். கஞ்சிராவையும், பின்னாலிருந்து அழைத்ததையும் சொன்னேன். அவர் தாமே பிள்ளையின் பின்னாற் சென்று, குரலைத் தாழ்த்தி, வீட்டில் அழைக்கும் செல்லப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். அவன் திரும்பவில்லை. மீண்டும் ஒருமுறை அழைத்தார்.

பின்னர் ஆசிரியையிடம் வந்து, செவ்வாய்க்கிழமை வைத்தியசாலைக்குப் போவதானால் முதற்படகு எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.